கூரை தொடாத சுவர்

பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது முருகேஸ்வரிக்குப் படுத்த இடத்திலேயே தெரிந்தது. அந்தத் தேயிலை எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளைக் கட்டிய புண்ணியவானுக்கு என்ன அவசரமோ, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே எழுப்பிய சுவரைக் கூரை வரைக்கும் எழுப்பாமல் விட்டுவிட்டான். இந்த வீட்டில் கருவாடு பொரித்தால் அந்த வீட்டில் நாக்கு ஊறும். அங்கே சண்டை நடந்தால் இங்கே பஞ்சாயத்து நடக்கும். விடிவதற்கு முன்னமே வேலுத்தாயின் விறகுப் புகை சுவரேறி இந்தப் பக்கம் இறங்கிவிடும். முருகேஸ்வரியின் மகள் செல்வலட்சுமியை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அந்தப் புகை வரவில்லை.

'ஊருக்குப் போயிருப்பா மகராசி. என் முகத்துல முழிக்கப் பிடிக்கல' என்று நினைத்துக்கொண்டு முருகேஸ்வரி புரண்டு படுத்தாள். அவளுக்கும் வேலுத்தாய்க்கும் பேச்சுவார்த்தை நின்று வருசக்கணக்காகிறது.

ஒரே மகள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சாதாரணக் காய்ச்சல்தானே என்று மாத்திரையைக் கொடுத்துவிட்டு முருகேஸ்வரி தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனாள். சாயந்திரம் வந்து பார்த்தால் பிள்ளையின் கண்ணெல்லாம் மஞ்சள். எலிக்காய்ச்சல் என்றார்கள். வண்டிப்பெரியாரிலிருந்து கோட்டயம் வரை ஜீப்பில் தூக்கிக்கொண்டு ஓடியும் வெள்ளைத் துணியில் சுற்றித்தான் திரும்பக் கொடுத்தார்கள். எர்ணாகுளத்தில் கொத்தனார் வேலை பார்க்கும் புருசன் வந்தான், மண் போட்டான், காரியம் முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டான். முருகேஸ்வரி படுத்தவள்தான். இப்படியே கிடந்தால் தானும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டாள்.

கடைசி வீட்டுச் செபமாலையம்மாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கஞ்சிச் சட்டியைத் தலைமாட்டில் வைத்தாள்.

"ரெண்டு வாயாவது குடிம்மா. நாளைக்குக் காலையில பெரட்டுக்களத்துல வேலைக்குப் பேரு கூப்பிடுறப்ப வந்து நிக்கலேன்னா பேரை வெட்டிருவாங்களாம். பேரு போனா வீடும் போச்சு. அப்புறம் எங்க போய் நிப்ப?"

"அவ இல்லாத வீடு எனக்கெதுக்குக்கா?"

செபமாலை கஞ்சிச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு ஒன்று தரையில் உரசியது. யாரோ எதையோ மென்றார்கள். விக்கினார்கள். தண்ணீர் குடித்தார்கள்.

"வேலுத்தாய் மதினி ஊருக்குப் போகலையா?"

"எங்க போவா? அன்னையிலேர்ந்து அவளும் அடுப்பே மூட்டல. 'வயிறு காஞ்சு கிடக்கிறவ மூக்குல என் கொழம்பு வாசம் ஏறணுமா'ங்கிறா. கடைப் பன்னைப் பச்சைத்தண்ணில நனைச்சுத் தின்னுட்டு வேலைக்குப் போறா. சக்கரை வியாதிக்காரி. நேத்து தேயிலைக் காட்டுல மயங்கி விழுந்துட்டா. இப்படியே போனா நீ முந்துறியா, அவ முந்துறாளான்னு தெரியல" என்று கோபமாகச் சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

முருகேஸ்வரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் கிரச்சில் ஆயாவாக இருந்து செல்வலட்சுமியை மடியில் போட்டு வளர்த்தவள் வேலுத்தாய். பிள்ளை முதலில் 'அம்மா' என்றதே அவளைப் பார்த்துத்தான். அந்தப் பிள்ளைக்குச் சடங்கு வைத்த அன்று, வேலுத்தாய் பட்டுப்பாவாடை எடுத்துக்கொண்டு வந்து, தண்ணீர் ஊற்றச் செம்பைத் தூக்கினாள். நாத்தனார் வழிமறித்து, "தாலியறுத்த கை, தள்ளி நில்லுங்க" என்றாள். வேலுத்தாய் முருகேஸ்வரியைத்தான் பார்த்தாள். முருகேஸ்வரியோ மஞ்சள் எங்கே, மஞ்சள் எங்கே என்று தாம்பாளத்தில் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். மஞ்சள் அவள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அட, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வானமா இடிந்து விழுந்திருக்கும்?

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண் இருட்டியது. ஈர விறகு லேசில் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து உலையேற்றி, அரிசியைக் களைந்து போட்டாள். புகை மேலே போய் அந்தப் பக்கம் இறங்கியது. அங்கே இருமல் சத்தம் கேட்டது.

"மதினி, சோறு பொங்குறேன். வா" என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் கத்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து வேலுத்தாய் வாசலில் வந்து நின்றாள். கன்னம் ஒட்டிப்போய், ஆளே பாதியாகியிருந்தாள். நெற்றியில் விழுந்த காயம் காயவில்லை.

"உள்ள வா மதினி."

"நான் வரலாமாடி?"

முருகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே பேசினாள். "அன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கணும் மதினி. திறக்காமப் போயிட்டேனே."

"இத்தனை நாளா உன்னைத் திட்டணும்னு வார்த்தையெல்லாம் சேத்து வச்சிருந்தேன்டி" என்றாள் வேலுத்தாய். "இப்ப ஒண்ணும் வர மாட்டேங்குது. பிள்ளை பேருதான் வருது. செல்வி, ஏ செல்வி..."

மகள் செத்ததிலிருந்து அழாமல் கிடந்த முருகேஸ்வரி அப்போதுதான் உடைந்தாள். தரையில் விழுந்து, நெஞ்சில் அறைந்துகொண்டு, லயமே கேட்கக் கதறினாள். உலை பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. விறகு சொய்யென்று அணைந்தது.

வேலுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். அடுப்பின் முன்னால் முட்டி போட்டு, ஊதாங்குழலை எடுத்து ஊத ஆரம்பித்தாள். ஊதுகிற மூச்சில் பாதி விம்மலாய்ப் போனது. நெருப்பு பிடிப்பதும் அணைவதுமாக இருந்தது. அவள் ஊதிக்கொண்டே இருந்தாள்.