நாலாயிரம் பெயர்களுக்கு ஓர் இடம்

“தெளிஞ்சப்புறம் கூப்பிடுங்க சார்” என்று சொல்லிவிட்டு மறுமுனையில் இருந்தவன் இணைப்பைத் துண்டித்தான்.

டார்லா அப்போதுதான் காலைப் பள்ளிப் பேருந்தை ஓட்டி முடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். சாவிக்கொத்துகூட இன்னும் கையில்தான் இருந்தது. சமையலறை மேசைமேல் ஃபோன் ஸ்பீக்கரில் கிடந்தது. அதன் முன்னால் அவள் கணவன் வெர்லின், கழுத்தை ஒருபக்கம் சாய்த்தபடி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இருபது வருஷத்துக்கு மேலாகக் குடியைத் தொடாத மனுஷன். குடியை விட்டவர்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடும் கூட்டத்துக்கு வாராவாரம் போய், நாற்காலிகளைத் தானே மடக்கி அடுக்கிவிட்டு வந்தவன். அவனைப் பார்த்து ஒருத்தன் இப்படிச் சொல்லிவிட்டானே என்று அவளுக்குக் காது சூடேறியது. வெர்லினோ சிரித்தான். அந்தச் சிரிப்பும் இப்போதெல்லாம் குழறலாகத்தான் வந்தது.

“திரும்பப் போடு நம்பர. நான் பேசறேன் அந்த ஆளுகிட்ட.”

“விடு டார்லா. அவனுக்கு அப்படித்தான் கேட்டுச்சு. அவன் என்ன பண்ணுவான்.”

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது. போன குளிர்காலத்தில்தான் டாக்டர்கள் நோய்க்குப் பெயர் சொன்னார்கள். தசைகளுக்கு உத்தரவு கொடுக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போகும் நோய். முதலில் கைவிரல்கள் போயின. பிறகு நாக்கு தடிக்க ஆரம்பித்தது. காப்பியைக்கூட ஒரு பொடி போட்டுக் கூழாக்கித்தான் கொடுக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் புரையேறிவிடும். மூச்சுத் தசைகள் கடைசியில் போகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

தங்கள் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் காகித ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே வெர்லின் இணையதள முகவரிக்கான பெயர்களை வாங்க ஆரம்பித்துவிட்டான். ஒரு டொமைன் பெயரை யார் முதலில் பதிகிறார்களோ, வருஷாவருஷம் புதுப்பிக்கும்வரை அது அவர்களுக்கே. என்றைக்காவது ஒருத்தர் கடை வைப்பார், படகு வாடகைக்கு விடுவார், வாத்துக் கண்காட்சி நடத்துவார், அவருக்கு இந்தப் பெயர் வேண்டியிருக்கும் என்பது அவன் கணக்கு. மற்ற ஆண்கள் ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டில் போட்டுக் காத்திருப்பதைப்போல அவன் பெயர்களைப் போட்டுக் காத்திருந்தான். ஆலை மூடியபோது அதுவே தொழிலாகிவிட்டது. வீட்டுக் கூரையை மாற்றியது, மகளைக் கல்லூரிக்கு அனுப்பியது எல்லாம் அதில்தான். இப்போது நாலாயிரத்துச் சொச்சம் பெயர்கள், ஐந்தாறு பதிவு நிறுவனங்களில் சிதறிக் கிடந்தன. ‘தெளிஞ்சப்புறம் கூப்பிடுங்க’ என்றவனும் அவற்றில் ஒன்றின் ஆள்தான். ஒவ்வொன்றுக்கும் வேறு கடவுச்சொல், வேறு பூட்டு, புதுப்பிக்க வேறு தேதி. அவனுக்குத் தெரிந்த ஒருவர் விஸ்கான்சினில் திடீரென்று இறந்துபோனார். எங்கே என்ன இருக்கிறது என்று அவர் மனைவிக்குத் தெரியவில்லை. கெடு தாண்டத் தாண்ட, அவர் ஆயுசெல்லாம் சேர்த்த பெயர்களை யார் யாரோ அள்ளிக்கொண்டு போனார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்துக்கு மாற்றிவிட வேண்டும், அதுவும் பேச்சு முழுசாகப் போவதற்குள் என்று வெர்லின் துடித்துக்கொண்டிருந்தான்.

இலையுதிர் காலம் முழுக்க அவன் ஆராய்ந்தான். கண் அசைவாலேயே கணினியை இயக்கும் கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக. மொத்தமாகப் புதுப்பிக்க முடிகிறதா, திருடமுடியாதபடி பூட்டுகிறார்களா, முதல் வருஷம் மலிவாகக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் ஏற்றுகிறார்களா, பிடிக்காவிட்டால் வெளியேற விடுகிறார்களா. கடைசியில், அவனுக்குக் கணக்கு இருந்தவற்றிலேயே மூன்று நிறுவனங்கள் மிஞ்சின.

“மூணும் ஒண்ணுதான்னா மலிவா இருக்கிறத எடுத்துக்கயேன்” என்றாள் டார்லா.

“இன்னொண்ணு பாக்கணும். அத நீதான் பாக்கணும்.”

“நானா? எனக்கு இதுல என்ன தெரியும்?”

“ஃபோன் பண்ணு. புருஷன் செத்துட்டான்னு சொல்லு. உன்ன எப்படி நடத்தறாங்கன்னு நான் கேக்கணும்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், கூழாக்கிய காப்பிக் கோப்பையை மேசையில் தட்டென்று வைத்தாள்.

“மூளை கெட்டுப்போச்சா உனக்கு? கல்லாட்டம் எதிர்ல உக்காந்திருக்கே. உன்ன வச்சிக்கிட்டே நீ செத்துட்டேன்னு ஊருக்குச் சொல்லணுமா?”

“ஊருக்கில்ல. மூணு பேருக்கு.”

“போய்யா.”

மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மத்தியானச் சுற்றுக்கு நேரமாகவில்லை. ஆனாலும் வாசலில் நின்ற பேருந்தில் ஏறி, எஞ்சினைப் போட்டுவிட்டு, காலி இருக்கைகளைக் கண்ணாடியில் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்த மலைச்சரிவுத் தெருக்களில் பனிமழை பெய்கிற நாளில்கூட நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு பிரேக்கை அழுத்தப் பயந்ததில்லை அவள். ஒரு வாக்கியத்துக்கு இப்படிப் பயப்படுகிறோமே என்று தோன்றியது. அதை ஒருநாள் எப்படியும் சொல்லித்தான் ஆகவேண்டும். சர்ச்சில், வங்கியில், அவன் தம்பியிடம், கடைக்காரியிடம். அன்றைக்கு எதிரே அவன் இருக்கமாட்டான். அவன் இதைத்தான் யோசித்திருக்கிறான் என்று புரிந்தபோது அவன்மேல் இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் காலைச் சுற்று முடிந்து வந்ததும், மேலங்கியைக் கழற்றாமலே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“குடு நம்பர. சிரிச்சே, கொன்னுடுவேன்.”

“அப்ப பொய் சொல்ல வேண்டி இருக்காது” என்றான் வெர்லின்.

முதல் நிறுவனத்தில் இயந்திரக் குரல்தான் பேசியது. இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து. செத்துப்போனவருக்கு எந்த எண்ணும் இல்லை. ஒருவழியாக மனிதக் குரல் வந்தபோது, டார்லா கண்ணைச் சுவரில் பதித்துக்கொண்டு, “என் புருஷன் இறந்துட்டார்” என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை. மறுமுனை கணக்கு எண்ணைக் கேட்டது. இறப்புச் சான்றிதழை எங்கே அனுப்ப வேண்டும் என்று படித்துச் சொன்னது. “வேற ஏதாவது உதவி வேணுமா? இந்த நாள் உங்களுக்கு இனிய நாளா அமையட்டும்” என்று முடித்தது. இரண்டாவது இடத்தில் பேசியவன் கலகலப்பானவன். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றான். அதே மூச்சில், இந்த மாதிரி நேரத்தில் இதையெல்லாம் கட்டிக்கொண்டு அழுவானேன், மொத்தமாக எங்கள் ஏலத்திலேயே விட்டுவிடுங்களேன், நாளைக்கே ஆள் பேசுவார் என்றான். டார்லா இணைப்பைத் துண்டித்தாள். வெர்லின் முகத்தைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் சாவை இரண்டு தரம் கேட்டவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டவன்போல இருந்தான்.

“போதுமா?”

“இன்னும் ஒண்ணு.”

மூன்றாவது, கனடாவில் ரெஜைனா ஊரில் இருந்த ஒரு சின்ன நிறுவனம். மூன்றில் இங்கேதான் விலை கூடுதல். மணி இரண்டு தரம் அடித்ததும் ஒரு பெண் எடுத்தாள். தன் பெயர் நோரீன் என்றாள். டார்லா அந்த வாக்கியத்தைச் சொன்னாள். மறுபக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

“அவர் பேரென்ன?”

“கணக்கு நம்பர்…”

“அது கிடக்கட்டும்மா. அவர் பேரு?”

“வெர்லின். வெர்லின் ஹாப்பலா.”

“வெர்லின் எப்ப தவறினார்?”

இதற்கு அவர்கள் பதில் தயார் செய்துவைக்கவில்லை. போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். டார்லா வாயைத் திறந்தாள். எதிரே அவன் மார்பு, ஸ்வெட்டருக்குள், கஷ்டப்பட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஏற்ற இறக்கத்தையே அவள் பார்த்தாள்.

“இன்னும் இல்ல” என்றாள்.

அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து அவன் முன்னால் அழாதவள், முன்பின் தெரியாத ஒருத்தியிடம், “மன்னிச்சிடுங்க, பொய் சொல்லிட்டேன், இங்கதான் இருக்கார், என் எதிர்லதான் இருக்கார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஃபோனை வைத்துவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். நோரீன் வைக்கவில்லை.

“அவர் கேட்டுக்கிட்டு இருக்காரா?”

“இருக்கார்.”

“வெர்லின், வணக்கம். உங்களுக்கு என்ன தெரியணும்?”

வெர்லின் பேசினான். டார்லா வழக்கம்போலக் குறுக்கே புகுந்து அவன் வார்த்தையைத் தெளிவாக்கிச் சொல்லப் போனாள். நோரீன், “அவரே சொல்லட்டும்” என்றாள். பிறகு அவனிடம், “முதல் பாதி பிடிபடல வெர்லின். இன்னொரு தடவ சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றாள். அவன் மறுபடி சொன்னான். அவள் காத்திருந்தாள். யூகித்து முடிக்கவில்லை, குரலை உயர்த்திக் கத்தவில்லை. நான் போனபிறகு இவள் என்னென்ன காட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் அவன் கேள்வி.

“ஒண்ணும் வேணாம்” என்றாள் நோரீன். “கணக்க இப்பவே ரெண்டு பேர் பேர்லயும் எழுதிடுவோம். பெயர்களுக்கு அவங்களும் சொந்தக்காரங்க. அப்புறம் யாரும் யாருக்கும் ஃபோன் பண்ணி இத நிரூபிக்க வேண்டியதில்ல. எல்லாம் எப்பவும்போல நடக்கும்.”

வெர்லின் கண்ணை மூடிக்கொண்டான். ஃபோனை வைத்தபிறகும் வெகுநேரம் திறக்கவில்லை. டார்லா மூக்கைத் துடைத்துக்கொண்டு, “விலை அதிகம்னியே” என்றாள்.

“ஆமா. எல்லாத்தையும் வச்சிக்க முடியாது. கொஞ்சத்த விட்டுடணும்.”

நோரீன் சொன்னபடியே நடந்தது. ஏரியோரம் உறைய ஆரம்பித்த நாட்களில் பெயர்கள் கூட்டம் கூட்டமாக இடம் மாறின. ஒவ்வொரு கூட்டத்துக்கும் சம்மதம் கேட்டு வந்த மின்னஞ்சலில் டார்லாதான் அழுத்தினாள். தன் பெயருக்குக் கீழே அத்தனை பெயர்கள் இருப்பதைத் திரையில் பார்த்தபோது, வேறொருவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

ஜனவரியில் வெர்லினின் குரல் முழுசாகப் போய்விட்டது. கண் கருவியும் அவனைச் சீக்கிரம் களைப்பாக்கியது. புருவத்தை உயர்த்தினால் ஆம், கண்ணை மூடினால் இல்லை. காலைச் சுற்றுக்கும் மத்தியானச் சுற்றுக்கும் நடுவே டார்லா அவன் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைப் படிப்பாள். வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று அவன் சொல்வான். முப்பது வருஷம் அவன் ஆசைப்பட்டதெல்லாம் என்னவென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாடகைக் கலைமான்கள். கை மாறிய பழைய ஹார்மோனியப் பெட்டிகள். இடதுகைக்காரர்களுக்கான தூண்டில். “இத யாருய்யா வாங்குவா?” என்று அவள் கேட்பாள். அவன் புருவம் பிடிவாதமாக மேலே நிற்கும். நல்ல விலை போகும் என்று அவளுக்கே தோன்றிய ஒன்றுக்கு அவன் சட்டென்று கண்ணை மூடிவிடுவான். சில நாள் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். அவன் சிரிப்பு இப்போது மூக்கு வழியாக வரும் வெறும் காற்றுதான். மூச்சு அடைத்துவிடுமோ என்று பயந்து அவள் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொள்வாள்.

அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே ஏரி வெள்ளையாகக் கிடந்தது. பனி வெளிச்சம் அறை முழுக்கப் பரவியிருந்தது. டார்லா படித்துக்கொண்டே வந்தாள்.

“‘மெதுவாகப் படகோட்டு’” என்றாள்.

பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தாள். அவன் இமைகள் மூடியிருந்தன. இல்லை என்கிறானா, தூங்கிவிட்டானா என்று தெரியவில்லை. குனிந்து அவன் மார்பைப் பார்த்தாள். கம்பளிக்கடியில் அது ஏறியது, இறங்கியது. அவள் விரல் விசைப்பலகைமேல் நின்றது. அழுத்தவில்லை. அவனை எழுப்பாத குரலில், ஒவ்வொரு எழுத்தாக, அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள்.