பாலத்துக்குப் போன குணா

2013ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்தமான் போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் ஒரு வீட்டில், முறையாக மாண்டுபோன ஒருத்தி முறைகேடாக உயிர்ப்பிக்கப்பட்டாள். அந்த ஆண்டில் அதைவிடப் பெரிய அநீதியை வைஜெயந்தி கண்டதில்லை.

மாண்டவள் பொன்னம்மா என்னும் வில்லாளி; கணினி விளையாட்டில் வரும் படைவீராங்கனை. அந்தப் பெயருக்கு உரியவரோ வைஜெயந்தியின் மாமியார். அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். வைஜெயந்தியும் அவள் கணவன் குணாவும் தம் படைவீரர்களுக்கு வீட்டார் பெயர்களையே சூட்டியிருந்தனர். செத்தவர் செத்தவரே, பழைய பதிவுக்குத் திரும்பி எவரையும் மீட்கலாகாது என்பது இருவரும் வகுத்துக்கொண்ட சட்டம். அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போய்விட்டால், கணினி கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரலாம். போர்ட் பிளேரில் மின்சாரம் போவது ஊழ்வினை. அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

மூன்று முறை தோற்று, மூன்று முறையும் முதலிலிருந்து தொடங்கியிருந்தார்கள். இப்போதுதான் கோட்டை வாசலை எட்டியிருந்தார்கள். ஒரு தடவையேனும் பொய் கலவாமல் வெல்ல வேண்டும் என்பது வைஜெயந்தியின் தவம். வாசலுக்கு முன்னிருந்த பாலத்தில் பொன்னம்மா அம்பு தைத்து வீழ்ந்தாள். தண்ணீர் குடிக்கப் போவதாகக் குணா எழுந்து சென்றான். மறுநொடி திரை இருண்டது, மின்விசிறி நின்றது.

"அரே யார், லைட் சலா கயா!" என்று மின்சாரம் போன சேதியோடு கூடத்திலிருந்து அவன் குரல் வந்தது. "நம்ம நல்ல நேரம் வைஜி, பொன்னம்மா பொழச்சுக்கிட்டா!"

வைஜெயந்தி காதைத் தீட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு வங்காளி அக்காள் மண்டல் தீதியின் மிக்சி கரகரவென்று கடுகு அரைத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, மண்டல் தீதி மிக்சி எதுல ஓடுது? மண்ணெண்ணெய்லயா?"

வைஜெயந்தி கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

"மெயின் சுவிட்ச்ச விட்டுக் கையெடுத்துட்டு உள்ள வாங்க."

குணா தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "அம்மா பேரு வெச்சவ. கண்ணு முன்னாடி விழுந்தா எப்புடிப் பாக்குறது?"

மீன் செதில் ஒட்டிய கையோடு மாமியார் வெளியே வந்தார். "எவன்டா எனக்கு ஒப்பாரி வெக்கிறது? கச்சால் தீவுல சுனாமிக் கடல் பொங்கி வந்தப்பவே மேட்டுக்கு ஓடிப் பொழச்சவ நான். பொம்மப் பொம்பள செத்தா எனக்கென்னா? அவளயாச்சும் மரியாதயா சாக விடு!"

குணா போய் மெயின் சுவிட்ச்சைப் போட்டதும் மின்சாரம் மீண்டது. திரையில் பொன்னம்மா வில்லும் கையுமாக நின்றாள். வைஜெயந்தி தயங்கவில்லை, அவளைப் படையிலிருந்தே நீக்கினாள்.

"போய்ட்டு வாரேன் புள்ள," என்று திரையிலிருந்தவளுக்குப் பதிலாக மாமியார் கையசைத்தார்.

இனிப் பாலத்தைக் காக்க யார்? எஞ்சியிருந்த கேடயக்காரன் ஒருவனே. ஒவ்வொரு போரிலும் புறமுதுகிட்டு ஓடிய அவனுக்குக் குணா என்று பெயர்.

"இவனா? இவன் ஓடிருவான்," என்றான் குணாவே.

"உங்க பேர வெச்சிருக்கு, ஓடாம என்ன செய்வான்?" என்றாள் வைஜெயந்தி.

அனுப்பினாள். முதல் அம்பு பட்டதுமே அவன் திரும்பி ஓடினான். மாமியார், "டேய் குணா, நில்லுடா!" என்று திரையைப் பார்த்து அதட்டினார். நாற்காலியிலிருந்த குணா திடுக்கிட்டு எழுந்து நின்றான். என்ன விந்தையோ, திரையிலிருந்தவனும் நின்றான்! கேடயத்தை உயர்த்தினான். நூலிழை உயிரோடு அவன் பாலத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் வாசலுக்குள் பாய்ந்தார்கள். கோட்டையில் கொடி ஏறியது.

குணா கட்டிலின்மேல் ஏறிக் குதித்தான். மாமியார் மீன் கையாலேயே அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். லாட்டரி விழுந்துவிட்டதோ என்று மண்டல் தீதி சன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"க்யா ஹுவா? லாட்டரி லகா?"

"நஹி தீதி, கிலா ஜீத்தா!" என்று கோட்டை பிடித்த சேதியைக் கூவிய வைஜெயந்திக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

வாசகரே, உமது படையில் வீழ்ந்தவரை வீழ்ந்த இடத்திலேயே விடும். எஞ்சியிருப்பவர்களில் நீர் இதுநாள்வரை நம்பாத ஒருவரை முன்னே அனுப்பும். நாளை என்று தள்ளாதீர், இன்றே அனுப்பும்.