மாலை சுற்றிய தூண்

பொழுது சாயப் போகிறது என்றாலே பானுமதிக்கு அலுப்பு வந்துவிடும். கல்யாண வீடோ, சாவு வீடோ, பாதிப் பேச்சில் எழுந்து, "போயிட்டு வரேங்க" என்று செருப்பைத் தேடுவாள். கூடத்துச் சுவரில் இருக்கும் படத்துக்கு அவள்தான் விளக்கேற்ற வேண்டும்.

அந்தப் படம் அவள் புருஷன் பழமலைநாதனின் தாத்தா கொண்டுவந்தது. விருத்தாசலத்தில் ரயில் பாதை போட்ட வெள்ளைக்கார துரையிடம் வேலை பார்த்தவர் அவர். துரை ஊருக்குக் கிளம்பும்போது கழித்துப்போட்ட சாமான்களில் கிடைத்தது. கறுப்பு மையில் அச்சடித்த படம். உள்ளே கல்மண்டபம், மேல்கூரை முழுக்கக் கல்பூ, நடுவில் ஒரு தூண். அந்தத் தூணில் அடியிலிருந்து முடிவரை பூச்சரம் சுற்றினாற்போலச் சிற்பம். மாசி மகத்துக்குத் தூணில் மாலை சுற்றிப் பார்த்த கண்ணுக்கு அது வேறென்னவாகத் தெரியும்? நம்ம கோயிலில் இடிந்துபோன மண்டபம் என்றார் தாத்தா. பெரியவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் அப்பீல் ஏது? தூணுக்குக் கீழே மங்கலாக உட்கார்ந்திருந்த உருவம் அம்மன் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் அந்த இடத்தில் கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போனது.

சொத்துப் பிரித்தபோது நிலம் அண்ணனுக்குப் போயிற்று, படம் தம்பி பழமலைநாதனுக்கு வந்தது. கூடவே சட்டமும் வந்தது. சாமி இருக்கிற வீட்டைப் பூட்டிக்கொண்டு ராத்தங்கக் கூடாது. விளக்கை வீட்டுப் பெண்தான் ஏற்ற வேண்டும், ஆம்பிளை கை ஆகாது. மாமியார் வீராயி இருந்தவரை இரண்டு கை இருந்தது. அப்புறம் மகள் துர்கா இருந்தாள். அவளைப் புனேவில் கட்டிக்கொடுத்த பிறகு பானுமதி ஒருத்திதான்.

பழமலைநாதனுக்கு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. கெட்டவர் இல்லை. ஆனால் சூளையை மூட்டினால் நடுவில் அணையவிடக் கூடாது என்பார், அதே வாயால் விளக்கையும் சொல்வார். அவர் சூளைக்கு மூன்று ஷிப்ட் ஆள் உண்டு என்பதை பானுமதி ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

துர்கா போன மறுவருஷம், பிறந்த ஊரான கருவேப்பிலங்குறிச்சியில் பானுமதியின் அம்மா தங்கம்மாள் படுக்கையில் விழுந்தாள். பானுமதி காலையில் பஸ் ஏறிப் போவாள், சாயங்காலம் திரும்பிவிடுவாள். கடைசி நாள் அம்மா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கி இருந்துட்டுப் போயேன்டி" என்றாள். விளக்கு வைக்கணும்மா என்று விரல்களைப் பிரித்துவிட்டு வந்தாள். விடிவதற்குள் ஆள் வந்து சேதி சொன்னான். விரலைப் பிரித்தது மட்டும் அவள் கையைவிட்டுப் போகவேயில்லை.

இப்போது துர்காவுக்கு மாசம் நெருங்கிவிட்டது. டாக்டர் பிரயாணம் கூடாது என்றுவிட்டார், மாமியார் இல்லாத வீடு. அம்மா நீ வந்தாகணும் என்று போனில் அழுகிறாள். இந்தப் பக்கம் பழமலைநாதன், "வெளக்குக்கு என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டில் கையை வைக்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இந்தத் தடவையும் போக முடியாது என்று பானுமதி பாதி மனசைத் தேற்றிக்கொண்டாள். தேற்றிப் பழகியவள்தானே.

அந்த வாரம்தான் மரச்சட்டத்தைக் கரையான் அரித்துப் படம் கீழே விழுந்தது. அபசகுனம் என்று பதறிப்போய், துணியில் சுற்றிக் கடைவீதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சாமி படங்களுக்குச் சட்டம் போடும் நல்லமுத்து உடைந்த கண்ணாடியை மெல்ல எடுத்தார். குங்குமம் கண்ணாடியோடு போயிற்று. அம்மன் இருந்த இடத்தில், தலையில் தொப்பியோடு ஒரு வெள்ளைக்காரி முக்காலியில் உட்கார்ந்து மடியில் தாளை வைத்து வரைந்துகொண்டிருந்தாள்.

அரித்த சட்டம் மறைத்திருந்த அடி ஓரத்தில் இங்கிலீஷ் எழுத்து ஒரு வரி இருந்தது. நல்லமுத்து எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "சர்ச்சு மாதிரி இருக்குதுங்களே" என்றார், அவரே ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி.

பழமலைநாதன் நம்பவில்லை. படத்தோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனார், பானுமதியும் கூடப் போனாள். அடியில் இருந்த பெயரைக் கடைக்காரர் தட்டினார். கம்ப்யூட்டரில் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது அதே கல்பூக் கூரை, அதே தூண், அதே சரம். ஸ்காட்லாந்து என்கிற சீமையில், ராஸ்லின் என்ற ஊரில் இருக்கும் பழைய சின்ன சர்ச்சாம். இடியவும் இல்லையாம்.

படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. துர்காவிடம் போகலாம். அதை அடக்கிக்கொண்டு, இந்த மனுஷன் எப்படித் தாங்குவாரோ என்று பயந்துகொண்டே கூட நடந்தாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டார். டீ கேட்டார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி வுடு. நம்ம சாமி இல்லன்னு ஆயிடுச்சு. நீ பாப்பாகிட்ட போயிட்டு வா" என்றார்.

அவ்வளவுதான். ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பானுமதி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவர் இடிந்துபோயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஆத்திரம் வந்தது. ஆனால் கத்தித் தீர்க்கத் தெம்பில்லை.

"ஏங்க, எங்கம்மா செத்த அன்னிக்கும் இது சாமி இல்லதானே?" என்றாள்.

அவர் காலி டம்ளரை எடுத்தார், திரும்ப வைத்தார்.

புனே ரயிலுக்கு இன்னும் நாள் இருந்தது. மறுநாள் மத்தியானமே ஒரு மாற்றுப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். அவளுடைய அண்ணனும் அண்ணி ஆதிலட்சுமியும்தான் இப்போது அங்கே இருக்கிறார்கள். அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்து அண்ணியோடு துர்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் மங்கியது. அவள் கால் தானாக எழப் பார்த்தது. பானுமதி முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆதிலட்சுமி தங்கள் வீட்டு விளக்கை ஏற்றிவிட்டு வந்து, "கடைசி பஸ்ஸு போயிடும் பானு, வெளக்கு வைக்கப் போவலயா?" என்று கேட்டாள்.

"இல்லங்க அண்ணி," என்றாள் பானுமதி, மூட்டையைத் தடவிக்கொண்டே. "இன்னிக்கி இருந்துட்டுப் போறேன்."