மூன்றாம் பாத்தி

ஜனவரி 7, புதன். இன்றைய தவறு: மூன்றாம் பாத்திக்குக் கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டேன். இருபது நிமிடம். பதினெட்டாகவும் இருக்கலாம், கடிகாரம் பார்க்கவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை.

ஆம்பூரில் மாலை வகுப்புக்குப் போய்த் தோட்டக்கலை படிக்கிற பூங்குழலிக்கு, நாளுக்கொரு பக்கம் எழுதுவது வீட்டுப்பாடம். தவறை முதல் வரியில் வைப்பது அவளாகப் பழகிக்கொண்டது. அவர்கள் போரில் வருவது வெறும் உப்பு. ஸ்ட்ராபெர்ரிக்கு உப்பு ஆகவே ஆகாது. கிணற்றை நம்பித்தான் அப்பா நவநீதன் ஊட்டியிலிருந்து நாற்று கொண்டுவந்து, நிழல்வலை கட்டி, 'நீங்களே பறிக்கலாம் வாங்க' என்று ரோட்டோரம் பலகை நட்டார். கூட்டம் வருவது காணும் பொங்கலன்று. அந்த ஒரு நாள் தவறினால் தோட்டத்தை மூட வேண்டியதுதான் என்று கார்த்திகையிலேயே சொல்லிவிட்டார்.

தண்ணீர் மாற்றி விட்ட அன்றிலிருந்து காலையும் மாலையும் மூன்றாம் பாத்திக்கு மட்டும் போய் உட்கார்ந்து இலை இலையாகப் பார்த்தாள். ஆறாம் நாள், செவ்வாய், இலை ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து காணும் பொங்கலுக்குத் தன் பிள்ளைகளைப் பழம் பறிக்கக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்த ஆம்பூர் டியூஷன் டீச்சர் ஹலீமா பீ போன் செய்தாள்.

"பாப்பா, பழம் செவந்துச்சா? வேன் சொல்லிட்டேன். 'மிஸ் எப்போ, மிஸ் எப்போ'ன்னு பசங்க ஒரே பேஜார்."

"வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, பூங்குழலி நேராக அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் திட்டவில்லை. "மூணாம் பாத்திக்கு நீ வுட்ட, சரி. எட்டாம் பாத்திக்கு யாரும்மா வுட்டா? பதினொண்ணுக்கு?"

ஓடிப்போய்ப் பார்த்தாள். பதிமூன்று பாத்தியிலும் அதே கருகல். காய்கள் சூம்பியிருந்தன.

வகுப்பில் வாங்கி வந்திருந்த உப்பு மீட்டரைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தாள். போரில் காட்டுகிற எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"மீட்டர் கெட்டுப்போச்சா இன்னா?"

"கேன் தண்ணில வெச்சுப் பாத்தேன்பா. அதுல சரியாத்தான் காட்டுது."

நவநீதன் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். வீட்டில் கேன் தண்ணீர் வந்து இரண்டு வருஷமாகிறது. அதற்கப்புறம் கிணற்றை யாரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

"டேங்கர் தண்ணி வாங்கி வுட்டா?"

"வேர்ல ஏறிடுச்சுப்பா. சனிக்கிழமைக்குள்ள தேறாது. அடுத்த நாத்து வெச்சாலும் இதே கிணறுதான்."

தன் தவறாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு பாத்தியோடு போயிருக்கும்.

"பலகைய மாத்தி எழுது" என்றார் அப்பா. "கருகுன இலைய வேடிக்கை பாக்கலாம் வாங்கன்னு." சொல்லிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

பூங்குழலி அன்று வகுப்புக்குப் போகவில்லை. விளக்கு வைத்ததும் நோட்டை எடுத்தாள்.

ஜனவரி 13, செவ்வாய். நாளை காலை முதல் வேலையாக ஹலீமா அக்காவுக்குப் போன் செய்து வேன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பிறகு ஒன்றாம் பாத்தியிலிருந்து செடிகளைப் பிடுங்க வேண்டும்.