எண்பத்து மூன்றாம் பக்கம்

இரும்பு ஸ்கேலை மடிப்போரம் அழுத்திப் பிடித்து, எண்பத்து மூன்றாம் பக்கத்தை இழுத்தாள் தமிழ்வாணி. தாள் ஒரே இழுப்பில் வந்தது. அதைக் காலடியில் இருந்த அரிசிச் சாக்கில் போட்டுவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தாள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது. அப்பாவின் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடந்த நூற்று நாற்பது புத்தகங்களில் கால்வாசிகூட முடியவில்லை.

அழகுபாண்டி கண்ணை மூடிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா" என்று சொல்லி அனுப்பி நாலு நாளாகிறது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. தாள் கிழியும் சத்தம் நின்றால் மட்டும் கண்ணைத் திறந்தார்.

"கிழிக்கிறியா?"

"கிழிச்சுக்கிட்டுத்தான்ப்பா இருக்கேன்."

முப்பது வருஷம் கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருந்தவர். சனிக்கிழமை மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், ஞாயிறு பொழுது சாய்ந்துதான் வில்லாபுரத்து வீட்டுக்குத் திரும்புவார். கண்மாய்களுக்கு வரும் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ரோட்டோர மரங்களைப் பற்றி இன்னொன்று. மூன்றாவது, மேற்கு மலையில் இருக்கும் பளியர் பழங்குடிகளைப் பற்றியது. எந்தச் செடியை எதற்குப் பறிப்பார்கள், எதைத் தொடாமல் விடுவார்கள், எந்தக் குருவி கத்தினால் எந்தப் பக்கம் போக மாட்டார்கள் என்று எழுதியிருந்தார். அதற்கு மட்டும் பதினோரு வருஷம் பிடித்தது. அப்பாவோடு கழித்த ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றுகூட தமிழ்வாணியின் ஞாபகத்தில் இல்லை.

மலையில் அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர் சங்கிலி. அந்த மலைப் பளியர். கடைசி வருஷம், வெளியே நல்ல விலை போகும் மருந்துக் கிழங்கு ஒன்று விளையும் இடத்தைக் காட்டினார். எந்த ஓடையைத் தாண்ட வேண்டும், எந்தப் பாறைக்குக் கீழே இறங்க வேண்டும் என்று அழகுபாண்டி ஒன்று விடாமல் எழுதினார். அதுதான் எண்பத்து மூன்றாம் பக்கம்.

புத்தகம் வெளிவந்த நாலாம் மாதம், கடப்பாரையும் சாக்குமாக ஆட்கள் மலையேறினார்கள். ஒரே வாரத்தில் அந்தச் சரிவு முழுக்கக் குழியாகிவிட்டது. சங்கிலி பஸ் ஏறி வந்து இந்த வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"ஒங்க புத்தகத்தப் பாத்துத்தான் சார் வந்தானுக. வெரல வச்சு வாசிச்சுக்கிட்டே வந்தானுக."

அதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நாலு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அழகுபாண்டி மலைப்பக்கம் போகவில்லை. புத்தகத்தை யாருக்கும் கொடுக்கவுமில்லை, எரிக்க மனசும் வரவில்லை.

போன வாரம் ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து போன் வந்தது. மிச்சப் பிரதிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். அம்மா கனகலட்சுமி, "எடம் காலியாகும், எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள். அப்பா இன்று விடிந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"நான் போனதும் ஒங்கம்மா தூக்கிக் குடுத்துருவா. அந்தப் பக்கம் வேணாம். எங் கண்ணு முன்னாடி கிழிச்சிரு. மொதல்ல தலமாட்டுல இருக்க என்னோடதக் கிழி."

கனகலட்சுமி டம்ளரில் பாலோடு வந்தாள். சாக்கைப் பார்த்தாள்.

"இந்த நேரத்துல இது தேவையாடி? பக்கத்துல வந்து கையப் பிடிச்சு உக்காரு."

"அவரு கேட்டது இது ஒண்ணுதாம்மா."

சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தாள். முந்தாநாளிலிருந்தே காத்துக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லி ஏதாவது சொல்வார், நல்லா இரு என்றாவது சொல்வார் என்று. பேசியதெல்லாம் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

பத்தரை மணிக்கு அப்பாவின் உதடு அசைந்தது.

"வாணி."

ஸ்கேலைப் போட்டுவிட்டு எழுந்து முகத்தருகே குனிந்தாள். "என்னப்பா?"

"எத்தனை ஆச்சு?"

நிமிர்ந்து ஒருதரம் சாக்கைப் பார்த்தாள். "எழுவதுப்பா."

அவர் தலையை அசைத்த மாதிரி இருந்தது. கனகலட்சுமி கரண்டியால் ஊட்டிய பால் கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது. அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். வெளியே குப்பை வண்டியின் பாட்டு தெருமுனை வரை போய்த் தேய்ந்தது. மூச்சு வரவில்லை.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டார்கள். கூடத்தில் பெண்கள் அழுதுகொண்டிருக்க, தமிழ்வாணி மிச்சக் கட்டுகளைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். ஒன்று விடாமல் கிழித்தாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அத்தை சோணையம்மாள் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

"பெத்த அப்பன் அங்க கெடக்காரு, இவ பேப்பரக் கிழிச்சுக்கிட்டு இருக்கா."

சாயந்தரம் தூக்கும்போது சாக்கின் வாயைக் கட்டிச் சித்தப்பா மகன் சிவக்குமாரிடம் கொடுத்தாள்.

"இதையும் அவரோட வச்சிருங்கண்ணே."

"என்னத்தா இது?"

"அப்பா எழுதுனது."

அவன் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்தான். வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை வாடகை நாற்காலிகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சங்கிலி வந்தார். அப்பாவின் டைரியில் இருந்த நம்பருக்குத் தமிழ்வாணிதான் சொல்லியிருந்தாள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. இந்த முறை கூப்பிடாமலே உள்ளே வந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். அழகுபாண்டியின் போட்டோவுக்கு முன்னால் எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காப்பி கொடுத்துவிட்டுத் தமிழ்வாணி எதிரில் உட்கார்ந்தாள். பக்கத்தைக் கிழிக்கச் சொன்னதை, நூற்று நாற்பதையும் கிழித்ததை, அவரோடேயே எரித்துவிட்டதைச் சொன்னாள்.

சங்கிலி காப்பியைக் குடித்து முடித்தார்.

"இப்ப அங்க ஒண்ணுமில்ல தாயி. குழிதான் கெடக்கு."

அவள் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். அவரே மேலே பேசினார்.

"எம் பொஞ்சாதிய அதுல போட்டோ புடிச்சுப் போட்டிருக்கேன்னு சார் சொன்னாரு. நான் பாக்கல. கோவத்துல கையில கூட வாங்கல. அவ போன தையில செத்துப்போயிட்டா. ஒண்ணு குடுத்தியன்னா கொண்டுபோயி வச்சுக்குவேன்."

"இந்தா எடுத்துட்டு வாரேன்ய்யா."

பின்னறைக்குப் போய் ஒரு புத்தகத்தை எடுத்து, நடந்துகொண்டே படங்களின் பட்டியலைப் பார்த்தாள். சங்கிலியின் மனைவி முத்துத்தாய், மலையிலிருந்து இறங்கும்போது. பக்கம் எண்பத்து நான்கு.

நிலைப்படியில் நின்றுவிட்டாள். பக்கத்தைப் புரட்டினாள். எண்பத்து இரண்டுக்குப் பிறகு எண்பத்து ஐந்து இருந்தது. நடுவில் விரலகலத்துக்குத் தாளின் ஓரம்.

சங்கிலி எழுந்து வந்து அந்த ஓரத்தைப் பார்த்தார். அவள் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது.

"வெளிய வித்தது யார்கிட்டயாச்சும் இருக்கும்ய்யா. எப்பிடியாச்சும் தேடி வாங்கி அனுப்புறேன்."

"வேணாம் தாயி. அந்தத் தாளு வேணாம்னுதான அவரு போயிருக்காரு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார்.

"நீ பாத்திருப்பியே. சிரிச்சுக்கிட்டு இருந்தாளா?"

நூற்று நாற்பது முறை அந்த முகம் அவள் விரலுக்கடியில் போயிருக்கிறது. நினைத்து நினைத்துப் பார்த்தாள். பக்கத்தின் எண் ஞாபகம் வந்தது. மடிப்பில் ஸ்கேல் நின்ற இடம் ஞாபகம் வந்தது.

"சிரிச்சுக்கிட்டுத்தான்ய்யா இருந்தாக."

"போட்டோன்னா சிரிக்க மாட்டாளே" என்றார் சங்கிலி. கொஞ்சம் யோசித்தார். "சரி."

தெருவில் இறங்கி, நிறுத்தியிருந்த வண்டிகளை ஒட்டி நடந்தார். தமிழ்வாணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வீட்டைத் தாண்டியதும் அவர் நின்று, கரண்டுக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். சின்னதாக ஏதோ ஒரு பறவை அதில் உட்கார்ந்திருந்தது. வெயில் கண்ணில் அடித்ததால், என்ன பறவை என்று அவளுக்குத் தெரியவில்லை.