இடப்பக்க இருக்கை

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். கார் தாங்கிகளின் மேல் நிற்கும்போதே, கையில் வேலை இருக்கும்போதே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட வேண்டும். ஹாமிஷ், எனக்குத் தலைச்சுற்றல் நின்றுவிட்டது. அவ்வளவு போதும். அதற்கு மேல் பேச வேண்டியவன் அவன்.

மெரின் பின்சக்கரக் குழிக்குள் தலையை நுழைத்தபடி அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அது வேறு யாரோ பேசுவது போல ஆகிவிட்டது. எதிரே பழைய ஷாக் அப்சார்பரின் அடிப்போல்ட் துருவேறி அசையாமல் இருந்தது.

"அதையே பாத்துக்கிட்டிருந்தா அதுவா வெக்கப்பட்டுக் கழண்டு வந்துடுமா?" என்றாள் பெவ்.

"எண்ணெய் விட்டிருக்கேன். ஊறட்டும்."

"நீ ஊறிக்கிட்டிருக்கே. அது எப்பவோ ஊறிடுச்சு."

டெலரைன் என்ற சிற்றூரில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய அந்தப் பட்டறையை அவர்கள் இருவரும்தான் நடத்துகிறார்கள். பெவ்வுக்கு அறுபது தாண்டிவிட்டது; முட்டி வலியால் இப்போது காருக்கு அடியில் போவதில்லை. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து மெரினை வேலை வாங்குவதையே தன் வேலையாக ஆக்கிக்கொண்டிருந்தாள். மெரின் நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டித் தன் முழுப் பாரத்தையும் கொடுத்தாள். போல்ட் ஒரு சத்தம் போட்டுவிட்டு இளகியது.

ஹாமிஷ் காலைப் பால் கறப்பு முடித்து நேராக வந்திருந்தான். ஸ்வெட்டரில் மாட்டுக் கொட்டகை வாசனை. கையில் சிப்பிக் கறி அடைத்துச் சுட்ட மூன்று 'பை' பலகாரங்கள், காகித உறையில் சூடாக. பட்டறை நடுவில் அவனுடைய வெள்ளை மாஸ்டா நான்கு சக்கரங்களையும் இழந்து உயரத்தில் நின்றது. இரண்டே இருக்கைகள் கொண்ட சின்ன ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு. கதவில் இரண்டு பெயர்கள் எழுதியிருந்தன. மேலே ஹாமிஷின் பெயர். கீழே இருந்த மெரினின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு டெஸ் என்று ஒட்டியிருந்தார்கள்.

வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் மலைச்சாலைகளை மூடிவிட்டு நடக்கும் ராலிப் பந்தயத்தில் ஏழு வருடங்கள் மெரின் அந்த இடப்பக்க இருக்கையில் இருந்தாள். வழி சொல்வது அவள் வேலை. மடியில் இருக்கும் குறிப்பைப் பார்த்து, வரப்போகும் வளைவையும் அதன் கூர்மைக்கான எண்ணையும் அது வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும். இடது மூன்று, நீளம், முகடு, அதைத் தாண்டி வலது இரண்டு, இறுகுது. அவள் சொன்னபடி அவன் திருப்புவான். ஊரில் சிலர் அவர்களைப் பற்றி வேறு மாதிரி பேசியதுண்டு. அப்படி எதுவும் இருந்ததில்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் விளக்குவது எளிதாக இருந்திருக்கும் என்று பிற்பாடு அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஓர் ஆளின் கையும் காலும் தன் குரலுக்காகக் காத்திருந்ததை, அது இல்லாமல் போன பிறகு இரவுகளில் தன் குரலே தனக்கு உபயோகமற்றதாகப் பட்டதை, யாரிடம் எந்தப் பெயரில் சொல்வது?

பிறகு காதுக்குள் ஒரு கிருமி புகுந்தது. ஓடும் வண்டியில் ஒரு வரி படித்தால் தலை சுற்றிக் குமட்டிக்கொண்டு வந்தது. ஹாமிஷ் ஒரு வருடம் காத்திருந்தான். அப்புறம் லான்செஸ்டன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் டெஸ்ஸை அந்த இருக்கைக்குச் சேர்த்துக்கொண்டான். காத்திருந்தான் என்பதால் அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

ஜனவரியில், கோடையின் நடுவில், ஒரு நாள் பெவ் பிக்அப் வண்டியை ஏரிக்குப் போகும் வளைவுச் சாலையில் ஓட்டினாள். மெரின் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளின் மரண அறிவிப்புகளை முதல் வரியிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தாள். ஒன்றும் ஆகவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்கி மேட்டுப் புல்வெளியில் நின்று அழுதாள். பெவ், "செத்தவங்க சொந்தக்காரங்க கூட இப்படி அழுதிருக்க மாட்டாங்கடி," என்றாள்.

அதிலிருந்து மெரின் காத்திருந்தாள். தானாகப் போய்க் கேட்க மனம் வரவில்லை. அங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திரு என்று அவளிடம் சொல்ல வேண்டியவன் ஹாமிஷ். ஆனால் தெரியாத ஒன்றை அவன் எப்படிக் கேட்பான்? இந்தக் கேள்வியிலேயே கோடை கழிந்துவிட்டது.

ஹாமிஷ் அட்டைப் பெட்டிகளைக் கிழித்துப் புதுச் சாமான்களைத் துணி விரித்து வரிசையாக வைத்தான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே உடம்பாக இருக்கும் நான்கு கால்கள். திருகு வளையத்தைச் சுற்றினால் கார் ஏறும், இறங்கும். முன்பைவிடப் பெரிய பிரேக் டிஸ்க்குகள், அவற்றைக் கவ்வும் காலிப்பர்கள், எஃகு நூல் பின்னிய பிரேக் குழாய்கள்.

"பழைய ஸ்பிரிங் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் மெரின்.

"ரொம்ப விறைப்பா இருக்காம். குலுங்குறதுல எழுத்தே தெரியலன்னு டெஸ் சொல்றா. நீ ஒரு நாளும் சொன்னதில்லையே?"

"எனக்கும் தெரியாதுடா."

"அப்புறம் எப்படிப் படிச்சே?"

"முக்கால்வாசி மனப்பாடம்."

அவன் சிரித்தான். "அடிப்பாவி. ஏழு வருஷமா மனப்பாடத்தை நம்பியா நான் போயிருக்கேன்?"

இப்போது சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் பெவ், "பை ஆறுது," என்றாள்.

சாப்பிட்டுவிட்டு நான்கு கால்களையும் மாட்டினார்கள். ஹாமிஷ் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் போல்ட்டை அந்தரத்திலேயே முறுக்கப் போனான். மெரின் அவன் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள்.

"கை இறுக்கம் போதும். கார் தரையில நின்னப்புறம்தான் மிச்சம். தொங்கறப்ப முறுக்கினா உள்ள இருக்கிற ரப்பர் நிக்கும்போதெல்லாம் முறுக்கிக்கிட்டே கிடக்கும்."

"தெரியும், தெரியும். மறந்துட்டேன்."

"மாட்டுக்கு மடி எங்க இருக்குன்னும் மறந்துடாதீங்க மகாராஜா," என்றாள் பெவ்.

டிஸ்க்குகளும் காலிப்பர்களும் ஏறி, புதுக் குழாய்களும் பூட்டியானபோது மதியம் கடந்திருந்தது. இனி குழாய்களுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். திருகு மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். ஹாமிஷ் ஏறி உட்கார்ந்தான். மெரின் பின்பக்கம் இடது மூலையில் தரையில் படுத்தாள். அங்கிருந்து அவனைப் பார்க்க முடியாது.

"மிதி."

"பிடிச்சிருக்கேன்."

திறந்தாள். ஒளிபுகும் குழாயில் குமிழிகள் ஓடின. மூடினாள். "விடு."

"விட்டுட்டேன்."

"மிதி."

"பிடிச்சிருக்கேன்."

அவள் குரல் தானாகவே தாழ்ந்தது. ஹெல்மெட்டுக்குள் பேசிய அதே குரல், அவசரமே இல்லாத சமமான குரல். அவன் பதிலும் அந்தப் பழைய சுருக்கத்துக்குப் போயிருந்தது. அவள் சொல்லும்வரை அவன் காலை எடுக்கவில்லை. ஒரு முறை வேண்டுமென்றே தாமதித்துப் பார்த்தாள். பெடலில் அவன் பாதம் அழுந்தியபடி இருப்பதை இரும்பின் வழியே அவளால் உணர முடிந்தது. கான்கிரீட்டின் குளிர் முதுகில் ஏறியது. இந்த நேரத்தில் யாராவது வந்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால், இது முடியாமல் இருந்தால் போதும் என்று சொல்லியிருப்பாள்.

"மிதி."

"பிடிச்சிருக்கேன்."

"அந்த மூலையில காத்து வெளிய போயி ரொம்ப நேரமாச்சு கண்ணு," என்றாள் பெவ் ஸ்டூலிலிருந்து. குரலில் கேலி இல்லை. பிறகு கீழே இறங்கி, "தராசுகளை எடுத்துட்டு வர்றேன்," என்று பின்கட்டுக்குப் போனாள்.

மற்ற மூன்று மூலைகளையும் முடித்தார்கள். மெரின் எழுந்து கைகளைத் துடைத்தாள். வாக்கியம் வாயருகே வந்து நின்றது. ஆனால் ஹாமிஷ் முந்திக்கொண்டான். காரிலிருந்து இறங்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி பேசினான்.

"உனக்குச் சரியாயிடுச்சுன்னு பெவ் சொன்னாங்க."

"எப்போ?"

"ஜனவரியிலயே. கறவை நேரத்துல போன் பண்ணாங்க."

மெரின் துணியை மடித்தாள். மறுபடி விரித்தாள். அப்படியானால் இந்த மாதங்கள் முழுவதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரியாததால்தான் கேட்கவில்லை என்ற ஒரே நாற்காலியில் அவள் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள்.

"கேக்கணும்னு ரெண்டு தடவை இங்க வரைக்கும் வந்தேன். திரும்பிப் போயிட்டேன்."

"டெஸ் நல்லா சொல்றாளா?"

"சுமார்தான். அவ சொல்றதுல நான் பாதியைத்தான் நம்புவேன். அதனால மீதியைக் கண்ணால பாத்து ஓட்டறேன். மெதுவாப் போறோம்." அவன் ஸ்டியரிங்கின் தோலை விரலால் தேய்த்தான். "நீ இருந்தா நான் பாக்கவே மாட்டேன் மெரின். முகட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்கான்னு கூட யோசிக்க மாட்டேன். நீ இருக்குன்னு சொன்னா இருக்கும். இப்ப வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க. ராத்திரி படுத்தா அந்த முகடெல்லாம் ஞாபகத்துக்கு வருது. பயமா இருக்கு."

"நான் தப்பாச் சொல்லிடுவேன்னா?"

"சேச்சே. நீ சரியாச் சொல்லுவேன்னுதான்."

இத்தனை நாளாக அவள் கேட்க ஏங்கியது இதுதான்; அவன் அதைக் கொடுத்தான்; அதையே காரணமாகச் சொல்லிக் கதவையும் சாத்தினான். கோபம் வரும் என்று சிறிது நேரம் எதிர்பார்த்தாள். வரவில்லை. பயப்படுகிற ஒருவன் இவ்வளவு நேராகப் பேசினால் அவனை என்ன செய்வது?

பெவ் தராசுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள். மூன்று பேரும் சக்கரங்களை மாட்டி, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு தராசுத் தட்டாக நான்கையும் வைத்து, காரை இறக்கினார்கள். மெரின் மீதிப் போல்ட்டுகளை முறுக்கி முடித்தாள். கடைசி வேலை இதுதான். உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நிலையில் எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று பார்த்து, புதுக் கால்களின் வளையங்களைத் திருகி நான்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகச் செய்ய வேண்டும். இருவர் போகிற கார் என்றால் அந்த இருவரின் எடையோடுதான்.

"டெஸ் எங்கடா?" என்றாள் பெவ்.

"டூட்டி. வர முடியல." ஹாமிஷ் மெரினைப் பார்த்தான். அவன் முகத்தில் ஓர் இளக்கம், எதையோ திருப்பித் தர வழி கிடைத்துவிட்டதைப் போல. "நீ உக்காரேன் மெரின். பெவ் வளையத்தைத் திருகட்டும். நாம ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கலாம், முன்ன மாதிரி."

"நான் அவளைவிடக் கனம்."

"ஒரு எட்டு ஒம்பது கிலோ இருக்குமா? யாருக்குத் தெரியப் போவுது?"

மெரின் இடப்பக்கக் கதவைத் திறந்தாள். இருக்கையின் ஓரத்தில் தன் இடுப்பு உராய்ந்து தேய்ந்த இடம் அப்படியே இருந்தது. பெல்ட்டுகள் மட்டும் வேறொருத்தியின் தோளுக்குச் சுருக்கப்பட்டிருந்தன. உட்கார்ந்தால் தராசில் தன் எண் ஏறும். பெவ் அதற்கேற்ப வளையங்களைத் திருகுவாள். பிறகு அந்தக் கார் எங்கே போனாலும், ஒவ்வொரு இடது வளைவிலும், இந்த மூலையில் மெரின் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு சாயும். டெஸ் மேலே உட்கார்ந்திருப்பாள். கார் தேடுவது மெரினை. ஏதோ கொஞ்சம் சரியில்லை என்று ஹாமிஷுக்குத் தோன்றும், என்னவென்று தெரியாது. தனக்கு மட்டும் தெரியும்.

அந்த ஆசை அவளையே திகைக்க வைக்கும் அளவுக்கு வலுவாக இருந்தது. கூண்டுக் குழாயைப் பிடித்து, உள்ளே போக எப்போதும் முதலில் வைக்கும் வலது காலைக் கூட லேசாகத் தூக்கிவிட்டாள். பெவ் தராசுப் பெட்டியைப் பார்ப்பது போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெரின் காலைத் தரையில் ஊன்றினாள்.

"டெஸ்ஸுக்குப் போன் பண்ணி எத்தனை கிலோன்னு கேளு."

"பொம்பளைகிட்ட அதை எப்படிக் கேக்கறது? ஊசியாலயே குத்திடுவா."

"நர்ஸுதானே. எல்லாரையும் எடை போட்டுப் பாக்கறவ. சொல்லுவா."

"எதுக்கு இவ்வளவு? ரெண்டு நிமிஷம் உக்காந்தா முடிஞ்சுது."

"பின்னால மணல் இருக்கு. அவ எடைக்குச் சரியா மூட்டை கட்டி சீட்டுல வெச்சுத் தர்றேன்," என்றாள் மெரின். அவள் குரல் அவசரமே இல்லாமல் சமமாக இருந்தது. "நான் உக்காரல, ஹாமிஷ்."