புல்லுருவிக் காவல்

என் வீட்டுக்காரர் சிவக்குமார் நல்லவர்தான். ஆனால் ஒரு எண்ணம் அவர் தலைக்குள் நுழைந்துவிட்டால் கடப்பாரை போட்டு நெம்பினாலும் வெளியே வராது. இந்தத் தை மாதம் நுழைந்த எண்ணம் இது: அவருடைய சொந்த அண்ணன், ஆளில்லாத நேரம் பார்த்து எங்கள் மாந்தோப்புக்குள் வந்து, கிளை கிளையாகப் புல்லுருவி விதையை ஒட்டிவிட்டுப் போகிறார்.

புல்லுருவி மண்ணில் முளைப்பதில்லை. மாமரத்தின் கிளைக்குள்ளேயே வேரைவிட்டு, மரத்தின் சாற்றைக் குடித்து வளரும். பிடித்த கிளை நுனியிலிருந்து காயும். கவனிக்காமல் விட்டால் மரமே போய்விடும். கம்பைநல்லூர் போகிற வழியில், காப்புக்காட்டை ஒட்டி எங்களுக்கு முப்பது மரம். வேலிக்கு அந்தப் பக்கம் இவருடைய அண்ணன், என் மூத்தார் மாதுவுக்குப் பதினெட்டு. இரண்டு பக்கமும் புல்லுருவி இருந்தது. அவர் பக்கம்தான் அதிகம்.

சந்தேகத்துக்குக் காரணம், விதைகள் ஒட்டியிருந்த விதம். ஒரே கிளையில் ஐந்தாறு விதைகள் வரிசையாக, ஒவ்வொன்றின் அடியிலும் கோந்து மாதிரிப் பசையோடு இருந்தன. காற்றில் வந்திருந்தால் இப்படி வரிசை பிடித்து ஒட்டுமா, கை வைத்து ஒட்டியதுதான் என்றார் இவர். ஆனால் மூத்தார் இரண்டு வருஷத்துக்கு முன்பு மாங்காய் பறிக்கும்போது கிளை முறிந்து விழுந்து, இடுப்பில் கம்பி வைத்திருப்பவர். வாசலுக்கு வரவே கைத்தடி வேண்டும். அவர் எப்படி மரம் ஏறுவார் என்று கேட்டேன். ஆள் வைத்து ஏற்றுகிறாராம். இதற்குமேல் இந்த மனுஷனிடம் என்ன பேசுவது?

அந்தப் பேச்சு வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மொரப்பூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில், நாலு பேர் பார்க்க, அண்ணனிடமே கேட்டுவிட்டார். மூத்தார் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். மறுநாளே மரம் அறுக்கிற ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார். பங்குனி கடைசித் திங்கட்கிழமை வந்து பதினெட்டு மரத்தையும் அறுத்து எடுத்துக்கொள்ள வேண்டியது. மரம் இருந்தால்தானே புல்லுருவி, புல்லுருவி இருந்தால்தானே பேச்சு. அவரும் அவர் மனைவி முனியம்மாள் அக்காவும் பெங்களூரில் மகனோடு போய் இருந்துகொள்வதாக ஏற்பாடு.

அக்கா போகிறார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எட்டு நாள் என் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்திருந்தவர் அவர். இந்த ஊரில் நான் வாய்விட்டுத் திட்டவும் சிரிக்கவும் எனக்கு இருக்கிற ஒரே ஆள். வேலியோரம் நின்று, "மூணாவது மாடியாம் அமுதா. லிப்ட்ல ஏறவே எனக்கு பயமா இருக்குது" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

இவருக்கோ அண்ணன் ஊரைவிட்டுப் போவதற்குள் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். இவர் தினமும் காலை ரயிலில் சேலம் போய், பொழுது சாய்ந்துதான் திரும்புகிறவர். அதனால் பகல் காவல் எனக்கு. தோப்பில் கட்டிலைப் போட்டு, தண்ணீர் பாட்டிலோடு உட்கார வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு நாள் காவலில் தோப்புக்குள் நுழைந்தவர்கள் நாலு மயிலும் ஒரு நாயும்தான்.

மூன்றாம் நாள்தான் திருடனைப் பார்த்தேன்.

மோட்டார் ரூமை ஒட்டி ஒரு செந்தூரா மாமரம் நிற்கிறது. அதில் வண்டிச்சக்கரம் அளவுக்கு ஒரு புல்லுருவிக் கொத்து. அதை வெட்டாமல் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. மாமரத்துப் புல்லுருவியை நல்ல நட்சத்திரத்தில், வடக்குப் பார்த்து நின்று வெட்டியெடுத்து பீரோவில் வைத்தால் வீட்டில் பணம் தங்கும் என்று சந்தையில் எவனோ இவரிடம் சொல்லியிருக்கிறான். ஒரு வருஷம் அந்த நட்சத்திரம் வேலை நாளில் வந்தது. அடுத்த வருஷம் இவருக்குக் காய்ச்சல். அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

அந்தக் கொத்துக்குள் ஒரு குருவி. சாம்பல் நிறம், என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மூடியிருந்த ஒரு மொட்டை அலகால் அமுக்கியது. மொட்டு படக்கென்று திறந்துகொண்டது. தேனைக் குடித்துவிட்டு, மூஞ்சியில் மகரந்தத்தோடு அடுத்த மொட்டுக்குப் போனது. பிறகு கீழ்க்கிளையில் பழுத்திருந்த பழங்களில் இரண்டு மூன்றை விழுங்கிவிட்டு வேலியைத் தாண்டிப் பறந்தது. நானும் எழுந்து வேலியோரம் போய் நின்றேன்.

மூத்தாரின் மரத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் கிளையின் நீளத்துக்குத் திரும்பி உட்கார்ந்து, பின்பக்கத்தைக் கிளையில் வைத்துத் தேய்த்தது. பசை நூல் மாதிரி இழுபட்டது. ஒரு விதை கிளையில் ஒட்டிக்கொண்டது. ஒரு தப்படி நகர்ந்து இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. வரிசையாக.

தோப்பில் தனியாக நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்தக் காப்புக்காட்டில் மாட்டுக்குப் புல் அறுக்க எத்தனை வருஷமாகப் போகிறேன்! அங்கே நாவலையும் வேம்பையும் சந்தனத்தையும் யார் நட்டது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எல்லாம் இந்த மாதிரிப் பறவைகள் தின்று போட்டு முளைத்தவைதானே. பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோவதும் அவை, பழுத்ததைத் தின்று விதைப்பதும் அவை. காட்டில் செய்கிற வேலையைத்தான் இந்தக் குருவி தோப்பிலும் செய்கிறது. அதற்கு வேலி ஏது, பங்காளி ஏது?

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அது பழம் தின்றது எங்கள் மரத்தில். விதை ஒட்டியது அவர் மரத்தில். மூன்று வருஷமாக இதுதான் நடந்திருக்கிறது. முறிந்த இடுப்போடு கீழே நின்று, தன் மரங்கள் ஒவ்வொன்றாகக் காய்வதை அந்த மனுஷன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் அவரையே குற்றவாளியாக்கியிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

இவரிடம் சொன்னேன். கேலி செய்தார். மரம் அறுக்க ஆள் வருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கையைப் பிடித்து இழுத்துவந்து கட்டிலில் உட்கார வைத்தேன். அரைமணி நேரத்தில் குருவி வந்தது. மொட்டைத் திறந்தது, பழத்தை விழுங்கியது, வேலியைத் தாண்டியது, தேய்த்தது. இவர் எழுந்து வேலியோரம் போய், கிளையில் ஒட்டியிருந்த விதைகளை அண்ணாந்து பார்த்தார்.

"உங்க பீரோவுக்கு வரவேண்டியதெல்லாம் உங்கண்ணன் மரத்துல ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க" என்றேன்.

அன்று மட்டன் குழம்பு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். மத்தியானம் அரிவாளை எடுத்துக்கொண்டு செந்தூராவில் ஏறி, அந்தக் கொத்தைக் கிளையோடு வெட்டித் தள்ளினார். இறங்கி வந்ததும் இன்றைக்கு நாள் எப்படி என்று கேட்டார். நான் காலண்டரை ஏற்கெனவே பார்த்திருந்தேன், கரிநாள். சொல்லவில்லை. அண்ணனிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள் என்றேன். என்னவென்று பேசுவது என்று கேட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை நான் எழுந்தபோது வீட்டில் ஆள் இல்லை. ரயிலுக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். ஆனால் சாப்பாட்டு டப்பா அலமாரியிலேயே இருந்தது. ஏழு மணிக்கு மூத்தார் தோப்புப் பக்கம் ஒரே சத்தம். ஓடினேன். அறுக்கிற ஆட்கள் மூன்று பேர் மிஷினோடு முதல் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரத்தின் மேல், தொப்பையும் வேட்டியுமாக, என் வீட்டுக்காரர். கையில் அரிவாள். கீழே கொத்துக் கொத்தாகப் புல்லுருவி கிடந்தது. மேலே ஆள் இருக்க மரத்தை எப்படி அறுப்பது?

மூத்தார் கைத்தடியை ஊன்றி வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் அக்கா. மூத்தார் அண்ணாந்து தம்பியைப் பார்த்தார்.

"எறங்குடா. நீயும் வுழுந்து தொலையாத" என்றார்.

இவர் இறங்கவில்லை. கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"நான்தாண்ணா ஒட்டினது. எம்மரத்துல இருந்துதான் குருவி எடுத்தாந்து உன்னுதுல ஒட்டுது. வெட்டாம வளத்தது நான். கண்ணால பாத்தேன்."

மிஷின்காரர்களில் ஒருவர், ஸ்டார்ட் பண்ணலாமா என்று மெதுவாகக் கேட்டார். மூத்தார் கைத்தடியை மேலே தூக்கிக் காட்டினார்.

"அந்த மேக்கால கெளையில ஒண்ண வுட்டுட்ட பாரு" என்றார்.

இவர் மெல்ல நகர்ந்து அந்தக் கிளைக்குப் போனார். அதற்குப் பிறகு மூத்தார் கீழேயிருந்து காட்டக் காட்ட இவர் வெட்டினார். மிஷின்காரர்களைக் காய்ந்த கிளைகளை மட்டும் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் மூத்தார்.

அக்கா என் காதோரம் வந்து, இது மறுபடியும் வருமா என்று கேட்டார். காடும் குருவியும் இருக்கிற வரைக்கும் வரும், வருஷா வருஷம் ஏறி வெட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்றேன். ஏறட்டும் என்று சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டார். வீட்டுக்குள் போய், பெங்களூருக்கு என்று கட்டி வைத்திருந்த பாத்திர மூட்டையை அவிழ்த்து டீச் சட்டியை எடுத்தார். ஏழு பேருக்கு டீ போட்டோம்.

மரத்தடியில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, மூத்தார் அன்றைக்கு டம்ளரில் ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.